டிஷ்யூ பொட்டலம்

சாங்கி வில்லேஜ் உணவங்காடியில்
வியாழக்கிழமை மதியம் மேசை பிடிக்கத்
தனியாக ஒரு லைசென்ஸ் வேண்டும்.
ருஸைனி ஓடிப்போய்
மூலை மேசைமேல் டிஷ்யூ பொட்டலத்தை எறிந்தான்.
அவ்வளவுதான், இடம் எங்களுடையது.

காலையிலிருந்து சிமுலேட்டரில் இருந்தவர்கள் நாங்கள்.
இரண்டு தடவை எஞ்சின் தீப்பிடித்து
ஒரு தடவை செத்தும் போயிருந்தோம்.
பசித்தது.

போ சூன் போனைத் திருப்பிக் காட்டினான்:
சம்பளச் சீட்டின் கடைசிக்கு முந்தைய வரி.
சங்கச் சந்தா, ஐம்பத்தைந்து வெள்ளி.
"பத்து வருஷம். ஆறாயிரத்து அறுநூறு.
கைக்கு வந்தது ஒரு நாள்காட்டி, ஒரு குடை.
குடை முதல் காற்றிலேயே மல்லாந்துவிட்டது."

டெஸ்கர் நாசி லெமாக்கில் சம்பலை ஒதுக்கினார்.
கமிட்டியில் இருப்பவர், அல்சர்காரர்.
"ஜகார்த்தாவில் பன்னிரண்டு மணி நேரம் தூங்கினாயே
போன வாரம்.
முன்பு அது பத்து."

"சந்தா கட்டாதவனும்தான் தூங்கினான்."

"எல்லாரும் அப்படி நினைத்தால்?"

"எல்லாரும் நினைக்கவில்லையே லா.
அதுதான் என் கணக்கு."

சிரித்தோம்.
கணக்கு சரியாக இருந்ததால்
கொஞ்சம் கூச்சத்தோடு.

ருஸைனி கரும்புச்சாற்றில் பனிக்கட்டியை
அமுக்கிக்கொண்டே இருந்தான்.
"விமானமெல்லாம் வரிசையாய் நின்ற வருஷம்
என் சம்பளத்தில் பாதி
ஒரே பிற்பகலில் போனது.
கையெழுத்துப் போட்டது சங்கம்தான்.
நான் பெடோக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுத்தேன்.
எந்தக் கொண்டோவில் காவலாளி
பின்வாசலைக் காட்டுவார் என்று
இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன்."

"போடாவிட்டால் ஆளையே எடுத்திருப்பார்கள்,"
என்றார் டெஸ்கர், தட்டைப் பார்த்தபடி.

"இருக்கலாம். அந்த வருஷம் சந்தாவும் வாங்கவில்லை.
அதையும் சொல்லவேண்டும்."

"நிறைமொழி, நீ என்ன சொல்கிறாய்?"

என் பையில் இருந்தது
விலகல் படிவம்.
பெயர், ஊழியர் எண் நிரப்பியாயிற்று.
தேதி போடவில்லை.

ஹனோயில் நான் விமானத்தைக் கல்லைப்போல் இறக்கிய மாதம்
விசாரணை அறையில் எதிர்ப்பக்கம் நான்கு பேர்,
நான்கு கோப்புகள்.
என் பக்கம் டெஸ்கர், கையில் பேனாகூட இல்லாமல்.
இரண்டு மணி நேரத்தில் அவர் பேசியது ஒரு வாக்கியம்:
"அதற்கு அவள் நாளைக்குப் பதில் சொல்வாள்."
அன்று இரவு தூங்கினேன்.
அந்தத் தூக்கத்தை எந்த வரியில் எழுத?

அதே டெஸ்கர்தான்
வயிற்றில் பிள்ளையோடு தரையில் உட்கார்ந்த மாதங்களுக்குப்
பறக்கும் படி கேட்டபோது சொன்னார்:
"பொறு, அடுத்த ஒப்பந்தத்தில்."
இரண்டு ஒப்பந்தங்கள் முடிந்துவிட்டன.
மகள் தொடக்கநிலை ஒன்றில் படிக்கிறாள்.

"சாப்பிடுகிறேன்," என்றேன்.

அதற்குள் போ சூன் எழுந்துபோய்
நான்கு பேருக்கும் காசு கட்டிவிட்டு வந்தான்.
முப்பத்தெட்டு வெள்ளி அறுபது காசு.
"அடுத்த தடவை நீங்கள்."

"இதற்கு என்ன பேர் வைப்பாய்?" என்று கேட்டார் டெஸ்கர்.

"மதியச் சாப்பாடு," என்றான் போ சூன்.

தட்டுகளைத் திருப்பி வைத்துவிட்டு
கார் நிறுத்துமிடம் வரை வந்து திரும்பிப் பார்த்தேன்.
எங்கள் மேசை காலி.
கையில் சூப்போடு ஒரு பெரியவர்,
தட்டோடு இரண்டு தேசிய சேவைப் பையன்கள்,
சுற்றிச் சுற்றி வருகிறார்கள்.
யாரும் உட்காரவில்லை.
நடுவில் அந்தப் பொட்டலம்,
முப்பது காசு, உள்ளே எட்டுத் தாள்,
ஆளில்லாத நான்கு நாற்காலிகளைக் காத்துக்கொண்டு.

ஓடிப்போய் எடுத்தேன்.
பெரியவர் தலையசைத்து உட்கார்ந்தார்.
சூப் கொஞ்சம் சிந்தியது.
ஒரு தாளை உருவி அவரிடம் கொடுத்துவிட்டு
மிச்சம் ஏழைப்
பையில் போட்டுக்கொண்டேன்,
படிவத்தின் மேல்.