நாற்பத்தெட்டாவது கட்டை

பிற்பகல் இரண்டரைக்கே போய்விட்டேன்.
பெர்கனில் அன்றும் மழை;
அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.
ஒருகாலத்தில் மத்தி மீனை டப்பாவில் அடைத்த ஆலை,
இப்போது நாற்காலிகளை அடைத்திருக்கிறார்கள்.
ஈரம் ஏறினால் சுவர் இன்னும் மீனாகிறது.

ரப்பர் ஆப்புகளைக் கம்பிகளுக்கிடையே செருகி
பாதி வேலையில் இருந்தபோது
மேலாளர் சிந்த்ரெ வந்து சொன்னான்:
"பியானோக்காரருக்கு விசா கிடைக்கவில்லை.
நால்வர் மூவராகிவிட்டார்கள்.
உன் கூலியில் குறையாது, நீ போகலாம்."

பாதியில் விட்ட பியானோ
பாதி சவரம் செய்த முகம்.
முடித்துவிட்டே போகிறேன் என்றேன்.
ஆனாலும் வாசிக்க ஆளில்லை என்று தெரிந்த பிறகு
கை கொஞ்சம் பொய் சொல்லத்தான் செய்தது.
நாற்பத்தெட்டாவது கட்டைக்கு மூன்று கம்பிகள்.
நடுக்கம்பி ஒரு மயிரிழை தாழ்ந்திருந்தது.
கேட்டது.
கேட்காததுபோல் மூடியை இறக்கினேன்.

இரவு எட்டுக்கு மேடையேறினார்கள்.
ஒடால்மிஸ், மட்டான்சாஸ்காரி, ஐம்பதைத் தாண்டியவள்,
கம்பளி மேலங்கியைக் கழற்றாமலே
டெனர் சாக்ஸபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.
எலியேசர் தான் வாசிக்கும் பாஸைவிடக் குள்ளம்.
நிவால்டோ டிரம் விளிம்பில் குச்சியால்
மூன்று தட்டினான், மூச்சு விட்டான்,
இரண்டு தட்டினான்.
அந்த ஐந்தின் மேல்தான் மற்றதெல்லாம் நின்றது.

எங்கள் ஊர்க்காரர்கள் வழக்கம்போல்
முழங்காலில் ஒற்றை விரலால் மட்டும் ஆடினார்கள்.
முன்வரிசையில் என் பல்மருத்துவர்
வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது பாட்டுக்கு முன் அவள் ஒரு காகிதத்தைப் பிரித்தாள்.
"எங்கள் ரெய்னியருக்குத் தூதரகத்திலிருந்து வந்தது.
இதில் ஒரு வரிதான் அடுத்த பாட்டின் பெயர்:
விண்ணப்பதாரர் நாடு திரும்புவார்
என்பதற்குப் போதிய ஆதாரமில்லை."
சிலர் சிரித்தார்கள்.
யாருடைய தூதரகம் என்று உறைத்ததும்
நிறுத்திக்கொண்டார்கள்.

ரெய்னியரின் இடம் வந்தபோது
மூவரும் கை எடுத்துவிட்டார்கள்.
பதினாறு ஆவர்த்தம்.
நிவால்டோவின் குதிகால் மட்டும் ஓசையில்லாமல் எண்ணியது.
தகரக் கூரையில் மழை.
முடிந்துவிட்டதென்று யாரோ கைதட்டி,
தனித்துப்போய்,
கைகளை மடியில் ஒளித்துக்கொண்டார்.

அந்த இடம் இரண்டாம் முறை வருமுன்
அவள் பியானோவருகே போய்
ஒற்றைக் கையால் மூடியைத் தூக்கப் பார்த்தாள்.
அதன் கனம் தெரிந்தவள் நான்; எழுந்து போனேன்.
மூடியை நிறுத்தினேன்.
கண்ணால் பெடலைக் காட்டினாள்.
அதை அழுத்தி மேலே ஒரு மர ஆப்பைச் செருகினேன்.
இருநூற்றுச் சொச்சம் கம்பிகளும் கட்டவிழ்ந்தன.

சாக்ஸபோனின் வாயைப்
பியானோவின் வயிற்றுக்குள் சாய்த்து ஊதினாள்.
நிறுத்தினாள்.

உள்ளே பியானோ முனகியது,
அவள் கேட்டதற்கு மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும்,
பக்கத்து அறையில் ஒருவர்
தூக்கத்தில் பேசுவதுபோல்.
ஒரே ஒரு சுரத்தில் அந்தக் குரல் அலைந்தது,
நொடிக்கொரு முறை ஏறி, இறங்கி.
நாற்பத்தெட்டு.
கூட்டத்தில் எனக்குத்தான் தெரியும் என்றிருந்தேன்.
ஒடால்மிஸ் புருவம் தூக்கினாள்.
மறுபடி அதே சுரம்.
மறுபடியும்.
எலியேசர் விரலை ஒரு மயிரிழை கீழிறக்கி
அந்தத் தப்போடு சேர்ந்துகொண்டார்.

எல்லோரும் குடை தேடிப் போன பிறகு
ஆப்பை எடுக்கப் போனேன்.
இரும்புச் சட்டத்தின் மேல் அவளுடைய கைபேசி,
அழைப்பு இன்னும் துண்டிக்கப்படாமல்.
அங்கே பிற்பகல்.
ஒரு நாய், ஒரு மோட்டார் சைக்கிள்,
பிறகு ஒரு ஆணின் இருமல்.
ஸ்பானிஷில் ஏதோ சொன்னான்.
அவள் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள்:
"நடுக்கம்பி தாழ்ந்திருக்கிறதாம்."

காது மடல்வரை சூடேறியது.
பையிலிருந்து திருகுச்சாவியை எடுத்தேன்.
சிந்த்ரெ ஒவ்வொரு விளக்காக அணைத்துக்கொண்டு வந்தான்.
இன்னும், என்றது கைபேசி.
இன்னும் கொஞ்சம்.
போதும்.