இருபதாவது வளைவிலிருந்து

மூட்டை எண் 417.
பூஞ்சை வாசம் என்று தூத்துக்குடியிலிருந்து திரும்பி வந்தது.
அஸ்தம்பட்டி ஆபீசில், சுற்றாத ஃபேனுக்குக் கீழே,
அதனிடம் கேட்டேன்: யார் தோட்டத்துக் காப்பி நீ?
விடை: சுழியம் வரிசை.

நான் கட்டிய தரவில் அம்புகள் எல்லாம் ஒரே பக்கம்.
தோட்டம் அனுப்பியது களத்துக்கு,
களம் நிரப்பியது மூட்டையை.
மூட்டையிலிருந்து கிளம்பும் அம்பு
ஒன்றுகூட நான் வரையவில்லை.

சரி, வரைவோம் என்று உட்கார்ந்தேன்.
பதினோராயிரம் எதிர் அம்புகள்.
நூற்றுப் பன்னிரண்டாவதில் ஹெப்சிபா எட்டிப் பார்த்தாள்,
ஏற்காட்டிலிருந்து தினம் இறங்கி வருகிறவள்.
"ரோடு ஒண்ணுதானே?
இறங்குறதுக்குன்னு தனியாவா போட்டிருக்கான்?
குப்பனூர் வழி வேற கதை, அத விடு."

கீபோர்டில் ஆறின் தலைமேல் குந்தியிருக்கும்
அந்தச் சின்னக் கூரையை
உறவின் பெயருக்கு முன்னால் வை என்றாள்.

தலைகீழ் என்றால் மறுப்பு என்றே
இத்தனை நாள் நினைத்திருந்தேன்.
இல்லை. எட்டாம் வகுப்பில் படித்த செயப்பாட்டுவினைதான்.
களம் மூட்டையை நிரப்பியது,
மூட்டை களத்தால் நிரப்பப்பட்டது.
நடந்தது ஒன்று.
எழுவாய் மட்டும் இடம் மாறி உட்கார்கிறது.

வைத்தேன்.
அனுப்பியதற்கு ஒரு கூரை, அடுத்து நிரப்பியதற்கு ஒரு கூரை.
மறுபடியும் சுழியம்.
அவள் சிரிக்கவில்லை, பஸ்ஸைப் பற்றிப் பேசினாள்:
"ஏறும்போது ஒண்ணாவது வளைவு முதல்ல வரும்.
இறங்கும்போது இருபதாவதுதான் முதல்ல."

வரிசையையும் திருப்பினேன்.
நிரப்பியதில் பின்னால் போய்,
அங்கிருந்து அனுப்பியதில் பின்னால் போய்,
வந்தது ஒரு வரி.
வெள்ளக்கடை. சடைச்சி. ஒன்றரை ஏக்கர்.

விடாமல், அதே களத்திலிருந்து மறுபடி கீழே வந்து பார்த்தேன்,
கூடப் பிறந்தவை எவை என்று.
முப்பத்தெட்டு மூட்டை.
மூன்றாவது வரியில் 417,
தனக்குத் தானே உடன்பிறப்பாக.
மற்ற முப்பத்தேழும் கப்பலேறிவிட்டன.

சடைச்சிக்குப் போன் போட்டேன்.
"மார்கழி மழைங்க. தார்ப்பாய் ஒண்ணுதான்.
எத மூட, எத விட?"

தார்ப்பாய்க்கு என்னிடம் அம்பு இல்லை,
எந்தப் பக்கமும்.
மழைக்கும்.

ஹெப்சிபா ஆறு மணி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள்.
ஷிஃப்டை அழுத்தியபடியே இருந்தேன்,
ஆறின் மேல் ஒரு விரல்,
கூரையை எதற்கு முன்னால் வைக்க.