பி.ஏ.

காலை நாலரைக்குப் பீடோர் சாலையில்
பனங்குலை லாரியின் விளக்கு மட்டும்.
என் மடியில் முப்பத்தொரு நாசி லெமாக்.
நாலு பேருக்கு நெத்திலி ஆகாது,
ஒருவருக்கு முட்டை.
ரப்பர் பேண்டின் நிறத்தில் குறித்துவைத்திருக்கிறேன்:
பச்சை கேமராமேனுக்கு,
சிவப்பு கதாநாயகியின் அம்மாவுக்கு.

இந்த வேலைக்கு ஒரு பெயர் உண்டு. பி.ஏ.
முதல் நாளே அம்மா அதைக் காதில் வாங்கி
பக்கத்து வீட்டுச் செல்லக்கனி அக்காவிடம்
மகள் பி.ஏ. என்று சொல்லிவிட்டாள்.
எஸ்.டி.பி.எம்.மைப் பாதியில் விட்டவள் நான்.
திருத்த வாயெடுத்தேன்,
அதற்குள் போன் அடித்தது:
குடையெல்லாம் எங்கே?

கதை நடப்பது அறுபத்து மூன்றில்.
ஆகவே சாலையை மறிப்பது என் பொறுப்பு.
ஏழே முக்காலுக்கு ஒரு மோட்டார் வந்து நின்றது,
பின்னால் மனைவி, மடியில் துண்டு, தண்ணீர் பாட்டில்.
எவ்ளோ நேரம்மா?
அஞ்சு நிமிசண்ணே.
சினிமாவின் அஞ்சு நிமிடம் எனக்குத் தெரியும்.
தாப்பா ஆஸ்பத்திரி, எட்டரைக்கு டயாலிசிஸ், என்றார்,
கேட்டுக்கொள்வது போலக்கூட இல்லை,
மணி சொல்வது போல.

அறுபத்து மூன்றுக்குள் ஒரு ஹோண்டா போனது.

வாக்கி டாக்கியில் வந்த வார்த்தைகளை விட்டுவிடுகிறேன்.
சாரி, என் தப்பு, என்றேன்.
தப்பே இல்லை.
ஆனால் அந்தச் சொல் இங்கே கேஃபர் டேப் மாதிரி,
இடுப்பில் தொங்கவேண்டும்,
எது பிய்ந்தாலும் ஒட்டும்.

பத்து மணிக்கு நான் கதாநாயகி.
அவர் வேனில் இருக்கும்வரை
அவர் நிற்கவேண்டிய இடத்தில் நிற்கிறேன்.
மதியழகன் அண்ணன் மீட்டரைக்
கன்னத்தருகே நீட்டுகிறார்,
மூன்று விளக்கு என்னையே பார்க்கின்றன.
அவுங்க வந்தா ஒரு ஸ்டாப் கொறைக்கணும்,
நீ கறுப்பு, என்கிறார்.
குரலில் ஒன்றுமில்லை, அளவுதான்.
நான் நின்ற வெளிச்சத்தை அப்படியே வைத்து
ஒரே ஒரு படமாவது எடுத்தால் என்ன
என்று கேட்கவில்லை.
கால் இருந்த இடத்தில் டேப் ஒட்டிவிட்டு விலகினேன்.

பிறகு பால்.
தோட்டம் முழுக்கச் செம்பனை,
டைரக்டருக்கோ பால்மரம்.
சீனக் கோயிலுக்குப் பின்னால் பதினோரு மரம் நிற்கிறது
என்று சொன்னது நான்தான்.
அன்றைக்குத்தான் என் பெயரைக் கேட்டார்.
வெயில் ஏறினால் பால் நின்றுவிடும் என்பதையும் சொன்னேன்.
ஸ்கிரிப்டில் பதினொன்றரைக்குச் சொட்டுகிறதே!
கடைக்கு ஓடினேன். ரெண்டு டின் கெட்டிப்பால்,
வெந்நீர், ஒரு கை மாவு.
மங்கில் ஊற்றி, வெட்டுத்தடத்தில் தடவி,
இறங்கிவிட்டேன் ஃபிரேமை விட்டு.
கேமராவுக்கு அது பால்தான்.
எறும்புக்கும்.

மூன்றாவது டேக்குக்குள் முழு ஊர்வலம்.
மேக்கப் பிரஷ்ஷைக் கடன் வாங்கி
ஒவ்வொன்றாக இறக்கிவிட்டேன்,
பின்னால் முப்பது பேர் மூச்சைப் பிடித்திருக்க.
வாழ்நாளில் இத்தனை பேர் எனக்காகக் காத்திருந்ததில்லை.

நாலு மணிக்கு மழை, வழக்கம்போல்,
கால்ஷீட்டில் அதற்கு மட்டும் நேரம் தவறுவதில்லை.
வயரைச் சுருட்டி, நாற்காலியை மடித்து,
பொட்டலத் தாளெல்லாம் பொறுக்கி எண்ணியபோது
எல்லாம் சரி.
எட்டுக் குடை போனது, ஏழுதான் வந்தது.

இருட்டியபின் வீடு.
துணி எடுத்துக்கொண்டிருந்த செல்லக்கனி அக்கா
வேலிக்கு அந்தப்பக்கமிருந்து,
என்னடி, பி.ஏ. முடிஞ்சிருச்சா?

இன்னும் ரெண்டு நாள் இருக்குக்கா.
அந்தப் பூப்போட்ட குடையக் கொஞ்சம் குடுங்களேன்.