பையில் ஊதுங்கள்

காலை ஆறரை. பாஸ்தோ நகர மருத்துவமனை,
இரண்டாம் மாடி, கடைசிக் கதவு.
ஜன்னலுக்கு வெளியே கலெராஸ் எரிமலை
மேகத்துக்குள் தூங்குகிறது.
வருகிறவர்களில் பாதிப்பேர் அதைக் கைகாட்டித்தான்
தங்கள் வயிற்றைப் பற்றிச் சொல்கிறார்கள்.
பதினொரு வருஷமாகக் கேட்டாயிற்று.
மலையை விடுங்கள், பாவம்.
எங்கே எரிகிறது, விரல் வைத்துக் காட்டுங்கள்.

எல்லா விரலும் போய் நிற்பது ஒரே இடத்தில்:
நெஞ்செலும்பு முடிந்து தொப்புள் தொடங்குமுன்
உள்ளங்கையகல நிலம்.

ரோசால்பா குவால்பாஸுக்கு முழங்கால் வலி.
மூன்று வருஷமாக வலி மாத்திரை,
காலையில், வெறும் வயிற்றில், கறுப்புக் காப்பியோடு.
கால் நடக்கிறது, வயிறு கூலி கொடுக்கிறது.
எரியும்போது ஒரு டம்ளர் பால் குடிப்பாளாம்.
வயிற்றில் பால் வார்த்தது போலத்தான் இருக்கும், அம்மா,
அரைமணி நேரத்துக்கு.
பிறகு அந்தப் பாலைச் செரிக்கவே
இன்னும் கொஞ்சம் அமிலம் சுரக்கும்.
அவள் என்னை நம்பவில்லை.
பசுவைக் குறை சொல்கிறவளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

கோப்பையில் மருந்து கலந்து தருகிறேன்.
புளிப்பு எலுமிச்சை வாசனை.
அரைமணி நேரம் நகராமல் உட்காரணும்.
உள்ளே கிருமி குடியிருந்தால்
அது தின்ற மிச்சம் மூச்சில் வரும்.
சிறுவயதில் குடியேறி
வாடகையும் தராமல் சுவரையும் அரிக்கிற குடித்தனக்காரன்
மூச்சுக்காற்றில் மாட்டிக்கொள்கிறான்.
நீளமாக ஊதுங்கள். இன்னும். இன்னும்.

செகுண்டோ இனாம்புவெஸ்
துகெர்ரெஸிலிருந்து கிழங்கு லாரி ஓட்டி வந்தவர்.
முகம் அவித்த கிழங்கின் நிறம்.
கோப்பையை நீட்டும்போது, பேச்சோடு பேச்சாக,
"மூணு நாளா தார் மாதிரி போகுது" என்றார்,
சாலை போடுகிறவர்களைப் பற்றிச் சொல்கிற குரலில்.

என் வயிற்றில் புளி கரைந்தது.
இரும்பு மாத்திரை ஏதாவது? இல்லை.
இரத்தத் தொத்திறைச்சி? இல்லை.
எழுந்து நின்றால் கண் இருட்டுதா?
"கொஞ்சம். மலைப்பாதைதானே."
கோப்பையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.
சக்கர நாற்காலியை நானே தள்ளினேன்,
லிஃப்டுக்குக் காத்திராமல் சரிவுப்பாதை வழியாக.
லாரியில் கிழங்கு அழுகுமே என்று
கடைசி வளைவு வரை கவலைப்பட்டார்.

அவருக்கு இரண்டு பை இரத்தம் ஏற்றினார்கள்.

அன்று மாலை என் கோட்டுப் பையில் கைவிட்டேன்.
சுண்ணாம்பு மாத்திரை, பாதி அட்டை.
முதுகுவலி மாத்திரை, காலி அட்டை.
மற்றவர் மூச்சையெல்லாம் அளக்கிறவள்
தன் ஏப்பத்தை இருமலாக்கி மறைத்த வருஷங்கள்.
அமிலம் அடக்கும் மாத்திரையை இரண்டு வாரமாகத் தொடவில்லை,
மதியச் சாப்பாட்டையும் விட்டிருந்தேன்.
என்னிடமே சொல்லாமல் நான் தயாராகியிருந்தேன் போல.

யமிலே பையில் என் பெயரை எழுதினாள், எழுத்துப்பிழையோடு.
"ஊதுங்க, மேடம்," என் குரலிலேயே கேலி செய்தாள்.
இயந்திரம் எண்ணைச் சொன்னபோது சிரிப்பை நிறுத்தினாள்.

இன்று ஒன்பதாம் நாள்.
பதினாலு நாளைக்கு மாத்திரை, வேளை தவறக்கூடாது.
நாக்கில் பழைய நாணயத்தின் ருசி.
எரிச்சல் ஐந்தாம் நாளே நின்றுவிட்டது.
நிறுத்திவிடலாமே என்று ஆசை காட்டுகிற நாள் அதுதான்.
முதுகு வலிக்கிறது, வலிக்கட்டும்,
வெந்நீர்ப் பை வைத்துக்கொள்கிறேன்.
காப்பி சோற்றுக்குப் பிறகு, பாதிக் கோப்பை.
இரவு பத்துக்கு மேல் அஹிக் குழம்பைத் திறப்பதில்லை,
வாசனை மட்டும் பார்த்துவிட்டு மூடுகிறேன்.

செகுண்டோ இந்தச் சனிக்கிழமை வந்திருந்தார், பரிசோதனைக்கு இல்லை.
உள்ளே விளக்குவிட்டுப் பார்த்தபோதே
கிருமி பிடிபட்டுவிட்டதாம்.
நாங்கள் இருவரும் ஒரே மாத்திரைப் பெட்டியைக்
காட்டிக்கொண்டோம், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போல.
போனதா என்று பார்க்க, முடிந்து ஒரு மாதமாவது போகணும்.
தேதி குறித்துக் கொடுத்தேன்.
"அன்னிக்கு யார் முதல்ல ஊதறது?" என்றார்.

வெளியே வரிசை நீண்டிருந்தது.
அடுத்தவர் உள்ளே வரும்போதே
ஜன்னல் பக்கம் கையைத் தூக்கினார்.