முப்பது மில்லி

அறுவைக்குப் பதினைந்து நாள் முன்பே
கல்லீரல் சுருங்க வேண்டுமென்றார் டாக்டர்.
குத்தாயிசியில் திராட்சை அறுப்புக் காலம்.
வீட்டுக்கு வீடு பந்தி,
எனக்கு வடிகட்டிய எலும்புச் சாறு.
பாலாடைக்கட்டி ரொட்டியை மஸியா
கதவைச் சாத்திக்கொண்டு தின்றாள்;
வாசனைக்குத் தாழ்ப்பாள் ஏது?

இப்போது வயிறு ஒரு வாழைப்பழ அளவு.
மருந்து மூடியில் முப்பது மில்லி தண்ணீர்,
கால் மணி நேரம், மிடறு மிடறாக.
மசித்த பீன்ஸ் இரண்டு கரண்டி.
மூன்றாவது கேட்பது நாக்குதான்,
வயிறு எப்போதோ கைகழுவி எழுந்துவிட்டது.

நோதார் மகன் கல்யாணத்தில்
வாழ்த்துரைக்கு என்னைத்தான் எழுப்பினார்கள்.
கொம்பு நிறைய மதுவை
ஒரே மூச்சில் கவிழ்த்தவன்,
மூடியைத் தூக்கினேன்.
யாரோ சிரித்தார்கள்.

இறந்தவர்களுக்கு, என்று தொடங்கி
நாற்பத்தெட்டில் போன அப்பா பெயரைச் சொல்லி
ஒரு சொட்டை உதட்டில் வைத்து
அது இறங்கும்வரை
எல்லோரையும் நிற்க வைத்தேன்.