வெறும் லோரியின் எடை

இரவு பதினொன்றுக்குக் கனகு அண்ணனின் லோரி
மேடை ஏறும். பதினெட்டாயிரத்து நானூறு கிலோ,
செம்பனைக் குலைகளோடு.
இறக்கிவிட்டு வெறும் வண்டியாய்த் திரும்புவார்.
மறுபடி நிறுப்பேன், கழிப்பேன், சீட்டு எழுதுவேன்.
நடுவில் எனக்கு நாற்பது நிமிடம்.

அக்டோபரில் ஒரு வாரம்
இன்னும் வெளிவராத விளையாட்டுகள்
முதல் அத்தியாயத்தை மட்டும்
வாசலில் வைத்துவிட்டுப் போகும். காசு கேட்காது.
ஈஜோக் முச்சந்தியில்
மூடிய டயர் கடையின் முன் மோட்டாரை நிறுத்தினால்
நாலு கோடு சிக்னல் கிடைக்கும்.
கொசுவுக்குக் காலைக் கொடுத்துவிட்டு
ஒவ்வொன்றாய் இறக்கிக்கொண்டேன்.

மூழ்கிய ஊரில் தபால்காரி நான்.
கதவு எண்களெல்லாம் தண்ணீருக்கு அடியில்.
ஒரு கடிதம்கூட உரியவரிடம் சேரவில்லை.
ஆனாலும் அந்தத் துடுப்புச் சத்தத்துக்காகவே
இரண்டு முறை ஆடினேன்.
நேரம் இருந்தால் ஆடிப் பாருங்கள்.

வாள், எலும்புக்கூடு, மறுபடி வாள்:
அதை விடுங்கள்.
பகல் ஷிப்டு உகேந்திரனுக்குப் பிடிக்கும்,
அவனிடம் கொடுத்துவிட்டேன்.

இன்னொன்றில் தையல் மெஷின்தான் நாயகி.
ஒரே ஒரு சட்டை. பொத்தான் துளை போடவே
பதினைந்து நிமிடம் போனது.
இதற்காக யாரோ எங்கேயோ
நல்ல வேலையை விட்டிருப்பார்
என்று நினைத்துக்கொண்டே
நூல் கோத்தேன்.

கடைசியாகத் திறந்தது ஆந்தை.
பனி கொட்டும் ஏதோ ஊரில்
இரண்டே பேர் உட்கார்ந்து செய்தது.
செம்பனைத் தோட்டம், இரவு, எலிகள், நான் ஆந்தை.
பறந்தேன். சிரிப்பு வந்துவிட்டது.
மரங்களைக் காடுபோல் இறைத்திருந்தார்கள்!

பள்ளியில் மூச்சு வாங்கிய ஆங்கிலத்தில்
எழுதிப் போட்டேன்:
ஐயா, இது காடு இல்லை. நிரை.
எந்தப் பக்கம் திரும்பினாலும் நேர்க்கோடு தெரியும்,
ஒன்பது மீட்டருக்கு ஒரு மரம்.
ஆந்தை பொந்தில் இல்லை,
கம்பத்தின் மேல் கம்பெனி வைத்த பெட்டியில் இருக்கும்.
அதற்கும் எங்களைப் போல ஒரு நம்பர் உண்டு.
இன்னொன்று, இங்கே இரவு
இவ்வளவு அமைதியாய் இருக்காது. மில் ஓடும்.

மூன்றாம் நாள் பதில் வந்தது.
ஒரே வரி:
மில் எப்படி ஒலிக்கும்?

கைப்பேசியை ஜன்னலில் வைத்தேன்.
நாற்பத்திரண்டு விநாடி.
கொதிகலன், நீராவி, நாய் ஒன்று.
அனுப்பிவிட்டு மறந்தும் போனேன்.

ஞாயிறு, வாரத்தின் கடைசி இரவு,
புதுப்பித்திருக்கிறோம் என்றது ஆந்தை.
முச்சந்திவரை போய் இறக்கி வந்தேன்.
பெட்டியிலிருந்து எழும்பினேன்.
கீழே நிரை நிரையாய் மரங்கள்,
திரும்பத் திரும்ப நேர்க்கோடு.
எலி இப்போது
குலைக்குப் பக்கத்தில்தான் நின்றது.
தூரத்தில் மில், அதே கொதிகலன், அதே நாய்.
பிறகு, நான் எதிர்பார்க்காத இடத்தில்,
ஒரு பெண்குரல் கரகரத்தது:

'பின்னாடி வாங்கண்ணே… வாங்க, வாங்க…
போதும் போதும்!'

என் குரல்.
அது பேச்சென்று அவர்களுக்குத் தெரிந்ததோ இல்லையோ!
இரவுப் பறவை என்று நினைத்திருக்கலாம்.
வெட்டாமல் விட்டிருந்தார்கள்.
ஆந்தை பறப்பதை நிறுத்தி
ஒரு கிளையில் அமர்ந்து
தலையை முழுதாய்த் திருப்பி
அந்தப் பக்கம் பார்த்தது.

திரை இருண்டது.
மீதி அடுத்த ஆண்டு.
விலை இன்னும் போடவில்லை.
எவ்வளவு போட்டாலும்
இந்த மாத ஓவர்டைமில்
ஒரு பங்கு எடுத்து வைத்தாயிற்று.

வெளியே ஹாரன்.
ஜன்னலைத் திறந்தேன்.
வாயெடுத்தவள் ஒரு கணம் தயங்கினேன்,
யாரோ பதிவு செய்வதுபோல.

வெறும் லோரி: ஏழாயிரத்து இருநூற்று அறுபது.
கழித்தால் பதினோராயிரத்து நூற்று நாற்பது.
சீட்டை நீட்டினேன்.
"என்ன வாணி, இன்னைக்கு ஒண்ணும் கத்தலை?"
என்றார் கனகு அண்ணன்.