இரண்டிலிருந்து எண்ணுவது

டர்பன், வார்விக் சந்தையில் வெண்ணெய்ப்பழக் கூடை சுமந்த முதுகு.
எட்டாவது எலும்பைக் காசம் தின்றிருந்தது.
மூன்று வாரமாகக் கால்கள் என்னுடையவை அல்ல
என்றாள் ந்தோம்பிஃபுதி செலே.
யாரோ கட்டிலில் மறந்துவிட்டுப் போன
இரண்டு மூட்டைகள்.

எந்தப் பக்கமாய் நுழைவீர்கள்?
வலப்பக்கம் என்றேன்.
இடப்பக்கம் பெருந்தமனி படுத்திருக்கிறது.
சிஸ்டர் ஹ்லெங்கிவே அதை ஜூலுவில் சொல்ல
செலே சிரித்தாள்:
திருடனும் அப்படித்தான்,
நாய் கட்டியிருக்கும் பக்கம் வரமாட்டான்.

பிறகு உறங்கவைத்தேன். என் வேலை அது.
ஒருக்களித்துக் கிடத்தி
மேல்கையை முன்னே தொங்கவிட்டோம்,
டாக்ஸியில் சன்னலோரம் அசந்துபோனவளைப் போல.

மூட்லி சாட்ஸ்வொர்த்காரர்.
சனிக்கிழமை வகுப்பில்
பத்துவரை வந்து நின்றுபோனது அவருடைய தமிழ்.
தோள்பட்டைக்கு அடியில் கையை நுழைத்து
விலாக்களை எண்ணும்போது மட்டும் அது வெளியே வரும்.
ஒன்றில் தொடங்கமாட்டார்.
முதல் விலா கழுத்தடியில் ஒளிந்திருக்கும்;
விரலுக்கு எட்டுவது இரண்டாவது.
ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு.
விலாக்கள் சரிந்து இறங்குபவை.
பக்கவாட்டில் ஆறின் உயரம்தான்
முதுகில் எட்டின் உயரம்.

ஊசி வைத்து எக்ஸ்ரே எடுத்தோம்.
திரையில் ஐந்து.

யாரும் பேசவில்லை.
சின்ன உடம்பு. ஒளிந்திருக்க வேண்டியது
விரலில் அகப்பட்டிருக்கிறது.
மூட்லி மறுபடி மேலே போய்
ஒண்ணு
என்றார், பழைய கடனை ஒப்புக்கொள்கிறவர்போல.
ஒரு விலா கீழே இறங்கினோம்.

வலது நுரையீரலுக்குக் காற்றை நிறுத்தினேன்.
பிழிந்த துணியாகச் சுருங்கி ஒதுங்கியது.
அதன் பின்னே, கண்ணாடித்தாள் போன்ற சவ்வுக்கு அடியில்,
யாழ்ப்பாணத்தில் நான் மனப்பாடம் செய்த படம்.
படத்தில் எதுவும் ஈரமாக இருந்ததில்லை.
நீலமாய் அசைகஸ் சிரை.
விலாத் தலைகளின்மேல் முடிச்சு முடிச்சாய்ப் பரிவு நரம்பு.
வட்டுகள் மேடு, எலும்புகள் பள்ளம்;
கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்லலாம்.
எட்டாவது இடத்தில் மேடும் இல்லை பள்ளமும் இல்லை.
வீக்கம்.

எலும்பின் இடுப்பைச் சுற்றி ஓடும் நாளங்களில்
மூன்றைக் கட்டி வெட்டினார்.
ஒவ்வொரு முடிச்சுக்கும் நான் ரத்த அழுத்தத்தைப் பார்த்தேன்.
தண்டுவடத்துக்குச் சோறு எந்தச் சந்து வழியாகப் போகிறதென்று
எந்த உடம்பும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

கீறியதும் சீழ்,
அதில் சுண்ணாம்புக் கட்டிகளாய் எலும்பு.
ஹ்லெங்கிவே குடுவையை மாற்றினாள்.
மறுபடி மாற்றினாள்.
விலாத் தலையைக் கொறித்து எடுத்தபின்
உள்ளறையின் ஓரம் தெரிந்தது.
முதுகின் நடுவில்தான் அந்த அறை மிகக் குறுகல்,
அங்கே குடியிருப்பவர் திரும்பிப் படுக்கவும் இடமில்லை.
கடைசிச் செதிள் வெளியே வர
நசுங்கிக் கிடந்த உறை மெல்ல எழுந்து
துடித்தது.
மானிட்டரைப் பார்த்தேன். அதே தாளம்.

வாசலுக்காக அறுத்த விலாவை
ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவே முட்டுக்கொடுத்தார்.
நிலைக்கதவைப் பெயர்த்து
உத்தரத்துக்கு நிறுத்தியமாதிரி.

மார்புக்குள் வெந்நீர் ஊற்றிக் காற்றை விட்டேன்.
குமிழ் இல்லை.
முதலில் ஓரங்கள், பிறகு மடிப்பு மடிப்பாக
இளஞ்சிவப்பு எழுந்து எல்லாவற்றையும் மூடியது,
அங்கே ஒருவரும் போகவில்லை என்பதுபோல.

இரவு ஒன்பதுக்குக் கால்விரலை அசைக்கச் சொன்னேன்.
இல்லை.
மறுநாளும் இல்லை.
ஆறாம் நாள் மூட்லி போர்வையை விலக்கி
ஒவ்வொரு விரலாகத் தொட்டார்.
ஒண்ணு, ரெண்டு...
பாதங்களுக்கு அவர் தமிழ் போதும்.
ஏழில் ஏதோ அசைந்தது.
நான் பார்த்தேன், அவரும் பார்த்தார்.

செலே பார்க்கவில்லை.
இந்த மனுஷன் என் காலோடு
என்ன பாஷையில் பேசுகிறான் என்று
ஹ்லெங்கிவேயிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.